சதுரத்துக்கு எவ்வளவு? - கொடைக்கானல் மலையில் நான் படித்த எஸ்டிமேட் பாடம்

"தம்பி, சதுரத்துக்கு எவ்வளவுடா ஆகும்?"

வீடு கட்ட நினைக்கிறவங்க நம்மூரில் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். சதுரம்னா 100 சதுர அடி. 2003-ல் எங்க அக்கா என்கிட்ட இதையே கேட்டாங்க. நானும் டக்குன்னு ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலால அக்கா வீடு மூணு வருஷம் மொட்டையா நின்னுச்சு. அந்தக் கதையும், எங்கே தப்பு பண்ணினோம்னு தேடப் போய் நான் தெரிஞ்சுக்கிட்ட கொடைக்கானல் வரலாறும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்குங்க.

நான் டிப்ளமோ சிவில் படிச்சுட்டு சம்பந்தமே இல்லாத வேலைக்குப் போனவன். எஸ்டிமேட்டிங் பேப்பரை மனப்பாடம் பண்ணி பாஸ் பண்ணினவன். ஆனா குடும்பத்தில் நான்தான் "இன்ஜினியர்". அக்காவும் மாமாவும் பெருமாள்மலைப் பக்கம் சின்னதா ஒரு மளிகைக்கடை வச்சிருந்தாங்க. பல வருஷம் சேர்த்த காசில் ரோட்டுக்குக் கீழே மூணு சென்ட் இடம் வாங்கியிருந்தாங்க. 30 அடிக்கு 20 அடி, மொத்தம் 6 சதுரத்தில் ஒரு வீடு. வத்தலக்குண்டில் அப்போ ஒரு மேஸ்திரிகிட்ட விசாரிச்சேன். சதுரத்துக்கு 45 ஆயிரம்னார். ஆறு நாற்பத்தஞ்சு இருநூத்தி எழுபது. மலைங்கிறதால கூட 5 சதவீதம் போட்டு 2,83,500 ரூபாய்னு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அக்கா அந்தத் தாளை சாமி படத்துக்குப் பின்னாடி வச்சாங்க.

லிண்டல் மட்டத்துக்கு சுவர் வந்தப்போ பணம் தீர்ந்து போச்சு. அக்கா சங்கிலி அடகுக் கடைக்குப் போச்சு. அப்பவும் கூரை வரலை. யாரும் என்னைத் திட்டலை. அதுதான் பெரிய கஷ்டமா இருந்துச்சு. கொத்தனார் ஏமாத்தலை, சிமெண்ட் திருடு போகலை. தப்பு அந்தத் தாளில்தான் இருந்துச்சு.

மூணு கேள்வி

மாமா கடைக்கு தினமும் பேப்பர் படிக்க ஒரு பெரியவர் வருவார். பொதுப்பணித் துறையில் ஓவர்சியரா இருந்து ஓய்வு பெற்றவர். என் தாளைக் கொண்டு போய் அவர்கிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"இது எஸ்டிமேட் இல்லப்பா. இது ஆசை."

"ஐயா, சதுரக் கணக்கு எல்லாரும் போடுறதுதானே?"

"போடலாம். ஏற்கனவே அதே மாதிரி இடத்துல, அதே மாதிரி வீடு கட்டினவன் போடலாம். நீ கீழ இருக்கிற வீட்டை வச்சு மேல இருக்கிற வீட்டுக்குப் போட்டிருக்க. உக்காரு."

அன்னைக்கு சாயங்காலம் ஆரம்பிச்ச பாடம், லீவுக்கு வரும்போதெல்லாம் தொடர்ந்துச்சு. எஸ்டிமேட்னா மூணே கேள்விதான்னார். என்ன வேலை, எவ்வளவு அளவு? அந்த வேலை ஒரு யூனிட்டுக்கு என்ன விலை? சாமான் எங்கிருந்து, எப்படி வந்து சேருது? முதல் கேள்விக்குப் பேர் அளவு. ரெண்டாவது ரேட். மூணாவதுதான் ரேட்டைத் தீர்மானிக்கிறது. "மலையில மூணாவதுல இருந்துதான் ஆரம்பிக்கணும்"னு சொல்லுவார்.

முதல்ல அளவு. அக்கா வீட்டு பேஸ்மெண்டையே எடுத்துக்கிட்டார். கருங்கல் கட்டு, ஒன்றரை அடி கனம். வெளிச்சுற்று 100 அடி. ஆனா 100 அடின்னு போட்டா மூலைகளை ரெண்டு தடவை எண்ணிடுவோம். சுவரோட நடுக்கோட்டைப் பிடிக்கணும். நாலு மூலைக்கு ஒன்றரை ஒன்றரை அடி கழிச்சா 94 அடி. சமதரையில் 2 அடி உயரம் போதும். 94 × 1.5 × 2 = 282 கன அடி.

"இப்ப உங்க அக்கா இடத்துக்கு வா." இடம் சரிவு. ரோட்டுப் பக்கம் 2 அடி உயர்த்தினால், பள்ளத்துப் பக்கம் 7 அடி உயர்த்தினால்தான் தரை மட்டம் வரும். சராசரி நாலரை அடி. 94 × 1.5 × 4.5 = 634.5 கன அடி. ரெண்டேகால் மடங்கு! உள்ளே ரொப்புற மண்ணு தனி. 27-க்கு 17 அடி உள் அளவு. கூடுதலா சராசரி ரெண்டரை அடி ரொப்பணும்னா 1,147 கன அடி, அதாவது பதினொன்றரை யூனிட். அதோட 7 அடி உயரத்துக்கு மண்ணைத் தாங்கி நிக்கிற சுவர் வெறும் பேஸ்மெண்ட் இல்லை, தடுப்புச் சுவர். அடியில் கனம் கூட வேணும். மழைத்தண்ணி வெளியே வர ஓட்டை விடணும். என் தாளில் இது எதுவுமே இல்லை. சதுரக் கணக்கு வீட்டை மேலே இருந்து மட்டும்தான் பார்க்கும். பக்கவாட்டில் பார்க்காது.

அடுத்தது ரேட். ஒரு கன மீட்டர் செங்கல் கட்டுக்கு 19 × 9 × 9 சென்டிமீட்டர் செங்கல்னா 500 வேணும். 1:2:4 கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு சிமெண்ட் ஆறேகால் மூட்டைக்கு மேல, மணல் 0.44, ஜல்லி 0.88 கன மீட்டர். கூட்டினா ஒண்ணுக்கு மேல வருதேன்னு கேட்கக் கூடாது. ஜல்லிக்கு நடுவில் மணலும், மணலுக்கு நடுவில் சிமெண்டும் போய் உட்காரும். அதனால காய்ஞ்ச சாமானா 1.54 கன மீட்டர் கொட்டினால்தான் ஒரு கன மீட்டர் கான்கிரீட் கிடைக்கும். இதோட கொத்தனார், பெரியாள், சித்தாள் கூலி. தண்ணிக்கு ஒன்றரை சதவீதம், கான்ட்ராக்டர் லாபம் 10 சதவீதம்னு பாடப்புத்தகம் சொல்லும். கடைசியில் எதிர்பாராத செலவுக்கு 3-ல் இருந்து 5 சதவீதம்.

"இந்த 500 செங்கல் கணக்கு கீழயும் 500தான், மேலயும் 500தான். மாறாது. மாறுறது எது?" ன்னு கேட்டார்.

முழிச்சேன்.

"லீட். லிஃப்ட்."

லீட்டும் லிஃப்டும்

மண் வேலைக்கு ரேட் போடும்போது அந்தக் காலத்துப் புத்தகங்களில் ஒரு வரி இருக்கும். 30 மீட்டர் லீட், 1.5 மீட்டர் லிஃப்ட் உட்பட. அதாவது தோண்டின மண்ணை 30 மீட்டர் தூரம் வரைக்கும், ஒன்றரை மீட்டர் உயரம் வரைக்கும் தூக்கிப் போடுறது கூலிக்குள்ளே அடக்கம். அதுக்கு மேலே ஒவ்வொரு 30 மீட்டருக்கும், ஒவ்வொரு ஒன்றரை மீட்டருக்கும் தனியா காசு. ஒரு மனுஷன் கூடையைத் தலையில் வச்சு எவ்வளவு நடப்பான், எவ்வளவு ஏறுவான்னு பார்த்து வச்ச அளவு அது.

1850களில் டல்ஹவுசி காலத்தில் பொதுப்பணித் துறை உருவானதில் இருந்து, எஸ்டிமேட் போட்டு ஒப்புதல் வாங்காம அரசாங்க வேலை தொடங்கக் கூடாதுங்கிற வழக்கம் இங்கே ஊறிப் போச்சு. நிர்வாக ஒப்புதல் வேறே, தொழில்நுட்ப ஒப்புதல் வேறே. அந்தக் காகிதங்களோடவே லீட்டும் வந்துச்சு. இன்னைக்கும் மத்தியப் பொதுப்பணித் துறை விலைப்பட்டியலைப் பிரிச்சா முதல் அத்தியாயமே சாமான் சுமந்து வர்ற கூலிதான். அதில் லாரிக்குத் தனி, மனுஷனுக்குத் தனி.

"கொடைக்கானலுக்கு லீட் என்ன தெரியுமா? ரோடு வந்த கதையைத் தெரிஞ்சுக்காம இந்த மலையில ரேட் போடக் கூடாது தம்பி"ன்னார். அந்த ஒரு வாக்கியம் என்னை லைப்ரரி லைப்ரரியா அலைய விட்டுச்சு.

ரோடு இல்லாத எழுபது வருஷம்

1821-ல் லெப்டினன்ட் வார்டு பழனி மலையை சர்வே பண்ணினார். 1845-ல் மதுரை அமெரிக்கன் மிஷன்காரங்க கொடைக்கானலில் முதல் ரெண்டு வீடுகளைக் கட்டினாங்க. சன்னிசைடு, ஷெல்டன்னு பேர். கீழே காய்ச்சலிலும் காலராவிலும் ஆட்களைப் பறிகொடுத்துட்டு, முதலில் சிறுமலையில் முயற்சி பண்ணி, அங்கேயும் காய்ச்சல் விடாம, கடைசியா இங்கே ஏறினவங்க. மதுரை கலெக்டரா இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைக்குக் குறுக்கே கரை போட்டு ஏரியை உண்டாக்கினார். 1875-ல் ரயில் அம்மையநாயக்கனூர் வரைக்கும் வந்துச்சு. இப்போ கொடைக்கானல் ரோடுன்னு சொல்ற ஸ்டேஷன்.

ரயில் வந்தாலும் மலைக்கு ரோடு வரலை. ஸ்டேஷனில் இறங்கினா மாட்டு வண்டியில் ராத்திரி முழுக்கப் பயணம். பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு. அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் செங்குத்தா ஒத்தையடிப் பாதை. துரைகள் குதிரையில், துரைசாணிகள் டோலியில். சாமான்? தலையில். அந்தப் பாதைக்கே கூலி காட்னுதான் பேர்.

மேஜர் லாங்கிறவர் பேரில் வண்டிப்பாதை வேலை 1870களில் ஆரம்பிச்சுது. ஆனா அது முழுசாகி மோட்டார் ஏற ஆரம்பிச்சது 1910களின் நடுவில்தான். நாம இன்னைக்கு பஸ்ஸில் போற வத்தலக்குண்டு மலைப்பாதை அதுதான். லாஸ் காட்னு இன்னும் சொல்றாங்க. ஆக 1845-ல் இருந்து ஏறக்குறைய 70 வருஷம், கொடைக்கானலுக்குக் கீழே இருந்து வந்த ஒவ்வொரு ஆணியும் ஒருத்தர் தலையிலோ, மாட்டு முதுகிலோ ஏறி வந்தது.

சும்மா ஒரு விளையாட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரியகுளம் கடல் மட்டத்தில் இருந்து 300 மீட்டருக்குள்ளே. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேலே. வித்தியாசம் சுமார் 1,800 மீட்டர். ஒன்றரை மீட்டருக்கு ஒரு லிஃப்ட்னா 1,200 லிஃப்ட். பாதை 12 மைல்னா 19 கிலோமீட்டர், 30 மீட்டருக்கு ஒரு லீட்னா 640 லீட். இப்படியெல்லாம் நிஜத்தில் யாரும் எஸ்டிமேட் போட மாட்டாங்க. ஆனா எண்ணைப் பார்த்தாலே மூச்சு வாங்குது இல்லையா?

இப்போ இந்தக் கண்ணோட பழைய பங்களாக்களைப் பாருங்க. ஏன் எல்லாம் கருங்கல்? அழகுக்குன்னு நானும் நினைச்சிருக்கேன். ஒரு கன மீட்டர் கல் கட்டு ஏறக்குறைய 2,400 கிலோ. ஆளுக்கு 24 கிலோன்னா 100 சுமை. ஒரு நாள் ஏற, மறுநாள் இறங்க. ஒரு கன மீட்டருக்கு 200 ஆள் நாள். யாராலும் முடியாது. அதனால கல்லை அங்கேயே உடைச்சாங்க. லீட் பூஜ்யம். மலையில் கிடைக்காத சுண்ணாம்பு கீழே இருந்து வரணும். அதனால அதை சிக்கனமா பிடிச்சாங்க. நான் பார்த்த ஒரு இடிஞ்ச பழைய சுவரில் உள்ளே முழுக்க மண் சாந்து, வெளி இடுக்கில் மட்டும் சுண்ணாம்பு.

ஏன் தகரக் கூரை? ஒரு ஆள் சுமை மங்களூர் ஓடு எட்டு ஒன்பதுதான். அது ஆறு சதுர அடியை மூடும். அதே சுமைக்குத் தகரம் முப்பது சதுர அடியையாவது மூடும். அஞ்சு மடங்கு! கொடைக்கானல் பங்களாக்களோட தோற்றத்தைத் தீர்மானிச்சதில் ஒரு சுமைகாரரோட கழுத்து பலத்துக்கும் பங்கு இருக்கு.

இன்னும் ஒரு ஆச்சரியம், அந்த சூரிய ஆய்வுக்கூடம். மிச்சி ஸ்மித் பழனி மலையிலும் நீலகிரியிலும் இடம் பார்த்து, கடைசியில் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899-ல் நிறுவினாங்க, 1901-ல் சூரியனைக் கவனிக்க ஆரம்பிச்சாங்க. 1909-ல் எவர்ஷெட் இங்கே இருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுறதைக் கண்டுபிடிச்சார். எவர்ஷெட் விளைவுன்னு உலகம் முழுக்கப் படிக்கிறாங்க. இந்தத் தேதிகள் எல்லாம் மோட்டார் ரோட்டுக்கு முந்தினவை. லென்சும் கண்ணாடியும் இரும்பும் எப்படி ஏறியிருக்கும்? லீட் போட்டுத்தான்.

அம்மாவோட தாத்தா

இதையெல்லாம் படிச்சுட்டு ஒரு தடவை வீட்டில் பெருமையா சொல்லிட்டு இருந்தேன். அம்மா சாதாரணமா சொன்னாங்க: "எங்க தாத்தா அந்தத் தோப்புல இருந்து சுமை தூக்குனவருதான்டா. தலை உச்சியில முடியே இருக்காதாம்."

இத்தனை வருஷம் இதை யாரும் என்கிட்ட சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நான் லைப்ரரியில் தேடின லீட் என் வீட்டிலேயே இருந்திருக்கு. அவர் பேர் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. எஸ்டிமேட்டில் மட்டும் இருந்திருக்கும், பேர் இல்லாம, "ஏற்றுக் கூலி"ன்னு ஒரு வரியா.

ஓவர்சியர் ஐயாகிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டார்: "சரி, உங்க அக்கா வீட்டுக்கு ரோட்டுல இருந்து இடம் எவ்வளவு தூரம்?"

"200 அடி இருக்கும் ஐயா. படிக்கட்டு மாதிரி இறங்கணும்."

"லாரி அங்க வருமா?"

"வராது. ரோட்டுல கொட்டிட்டுப் போயிரும்."

"அப்ப மணல் எப்படி வீட்டுக்கு வந்துச்சு?"

அப்போதான் எனக்கு உறைச்சுது. நாலு சித்தாள் அம்மாக்கள். காலையில் இருந்து சாயங்காலம் வரைக்கும் சட்டியில் அள்ளி அள்ளிச் சுமந்தாங்க. ஒரு யூனிட் மணல் 100 கன அடி. சட்டிக்கு அரை கன அடின்னாலும் 200 நடை. நான் லீவில் போனப்போ அவங்களோட நின்னு டீ குடிச்சிருக்கேன். ஆனா என் தாளில் அவங்க இல்லை. வத்தலக்குண்டில் இருந்து 40 கிலோமீட்டர் லாரி வாடகையும் இல்லை, கடைசி 200 அடியும் இல்லை. பணம் எங்கே போச்சுன்னு நான் தேடிட்டு இருந்தேன். அது அவங்க கூலியா நியாயமாத்தான் போயிருக்கு. எனக்குத்தான் எழுதத் தெரியலை.

"கூலியை எழுதாம விட்டா கூலி குறையாது தம்பி. யாராவது ஒருத்தர் தலையில வந்து விழும். இந்தத் தடவை உங்க அக்கா தலையில விழுந்துச்சு"ன்னார்.

ரெண்டாவது தாள்

அவர் மேற்பார்வையில் மறுபடி எஸ்டிமேட் போட்டேன். மீதி வேலைக்கு மட்டும். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு லீட் பட்டியல்: எங்கிருந்து, எத்தனை கிலோமீட்டர் மலை ஏற்றம், ரோட்டில் இருந்து எத்தனை அடி தலைச்சுமை. கான்கிரீட் கூரைக்கு ஜல்லியும் மணலும் கம்பியும் இறக்கிச் சுமக்கிற செலவைப் பார்த்ததும் மாமாவே சொல்லிட்டார், "ஷீட்டே போட்ருவோம் மாப்ள." நூறு வருஷத்துக்கு முன்னாடி பங்களாக்காரங்க எடுத்த அதே முடிவு! மிஞ்சின பணத்தில் பள்ளத்துப் பக்கச் சுவருக்கு வெளியே இன்னொரு அடி கனம் சேர்த்தோம். 2006-ல் பால் காய்ச்சினாங்க. ரெண்டாவது தாளுக்கும் நிஜச் செலவுக்கும் வித்தியாசம் 4 சதவீதம்தான் வந்துச்சு. என் வாழ்க்கையில் நான் வாங்கின நல்ல மார்க் அது.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தப்போ கொடைக்கானலில் மரம் சாய்ஞ்சு, மண் சரிஞ்சு ரோடெல்லாம் அடைச்சுக்கிச்சு. அக்கா வீட்டுச் சுவர் அசையலை. ஆனா மேலே வீட்டு வேலை நடந்த இடமெல்லாம் அப்படியே நின்னுச்சு. ரோடு போச்சுன்னா ரேட்டும் போச்சு.

கும்பக்கரைப் பக்கமிருந்து ஏறுற பழைய பாதையில் வெள்ளகெவின்னு ஒரு ஊர் இருக்கு. ஊருக்குள்ளே யாரும் செருப்பு போட மாட்டாங்க. தலைமுறை தலைமுறையா மோட்டார் ரோடு பார்க்காம, அரிசியில் இருந்து சிமெண்ட் வரைக்கும் குதிரையிலும் தலையிலும் கொண்டு போய்ப் பிழைச்ச ஊர். அங்கே ஒரு சின்ன வீட்டைப் பார்த்தாலும் இப்போ எனக்கு முதலில் தோணுறது அதோட அழகு இல்லை. எத்தனை சுமைன்னுதான்.

ஓவர்சியர் ஐயா இப்போ இல்லை. அவர் கொடுத்த ஒரு பழைய டேப் என்கிட்ட இருக்கு. ஒரு பக்கம் அடி, மறுபக்கம் மீட்டர். இன்னைக்கும் யாராவது போன் பண்ணி "சதுரத்துக்கு எவ்வளவு தம்பி?"ன்னு கேட்பாங்க. ஆற்று மணல் போய் எம்-சாண்ட் வந்துடுச்சு, விலையெல்லாம் எங்கேயோ போயிடுச்சு. ஆனா நான் திருப்பிக் கேட்கிற கேள்வி மாறலை.

"லாரி எது வரைக்கும் வரும்? அங்கிருந்து யார் தூக்குவாங்க?"